சம்பளமில்லா விடுப்பு கிடைத்தது, வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை

அரசாங்க வேலையை விடாமலேயே ஓராண்டு சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரில் நாலு காசு சேர்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற பேச்சு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி அடிபடும். ஒட்டுக்கடையில் உட்கார்ந்து கேட்டால் அது மிக எளிதான காரியம் போலத் தோன்றும். 2024ஆம் ஆண்டில் நான் அந்த முயற்சியில் இறங்கினேன். விடுப்பு கிடைத்தது, சிங்கப்பூர் நிறுவனம் வேலைக்கும் எடுத்துக்கொண்டது. அப்படியிருந்தும் ஏறக்குறைய மூன்று மாதம் இங்கும் சம்பளமில்லாமல், அங்கும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இதைப் பற்றித் தமிழில் எழுதியவர் யாரையும் அப்போது என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் தாத்தாவும் பாட்டியும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா தோட்டத்தில் பிறந்து, செம்பனைக்கு மாறிய பின்னும் அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்க வேலைக்குப் போனவன் நான். 22 வயதில் ஓர் அரசுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வந்து, தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் ஒரு மாடி வீடு வாங்கினோம். அந்த வீட்டுக் கடன், தங்கையின் படிப்புக்காக வாங்கிய கூட்டுறவுக் கடன் இரண்டும் என் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டு வந்தன. பிடித்தம் போகக் கையில் வருவது 2,300 ரிங்கிட் இருந்தால் அதிகம். அம்மாவுக்குச் சிறுநீரகச் சிகிச்சை தொடங்கிய பிறகு அந்தப் பணம் மாதத்தின் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. அந்த நேரத்தில்தான் சிங்கப்பூரில் ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து நல்ல சம்பளத்தில் வேலை வந்தது. அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறக்குறைய மூன்றரை ரிங்கிட். அந்தப் பெருக்கல் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்பது எனக்கே தெரியாது.

உறவினர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அந்தச் சமயம் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அரசு ஊழியர்கள் வெளிநாட்டில் வேலை தேடிச் செல்ல ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை, பணி மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படா என்று அதில் இருந்தது. செய்தி பொய்யில்லை, ஆனால் அது இலங்கையைப் பற்றியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த அந்நாட்டு அரசாங்கம், அந்நியச் செலாவணியும் வேண்டும், சம்பளச் செலவும் குறைய வேண்டும் என்ற நிலையில், அதே ஆண்டு ஜூன் மாதம் பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. விடுமுறையில் போகிறவர் தம் பதவி நிலைக்கேற்ப ஒரு தொகையை வெளிநாட்டு நாணயமாக நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. அங்கே அரசாங்கமே தன் ஊழியர்களை வெளியே அனுப்ப விரும்பியது. நம் நாட்டில் அப்படியொரு தேவையும் இல்லை, அப்படியொரு சுற்றறிக்கையும் இல்லை. என் சின்ன மாமா மட்டும் இன்றுவரை “ஐந்து வருஷம் கொடுக்கிறானே, நீ ஏன்டா ஒரு வருஷம் கேட்டே?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டு விதி வேறு. விடுப்பைப் பற்றிய பொது ஆணைகளின்படி, முக்கியமான சொந்தக் காரியத்திற்காக ஒருவர் சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம். நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டு பணிக்கும் 30 நாள் என்பது கணக்கு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 360 நாளுக்கு மேல் கிடையாது. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டிய உரிமை அன்று, துறைத் தலைவர் விரும்பினால் தரக்கூடியது. கையிலிருக்கும் ஆண்டு விடுப்பை முதலில் எடுத்துத் தீர்த்துவிட வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெண் ஊழியர்களுக்கு ஐந்தாண்டு வரை கிடைக்கும் சம்பளமில்லா விடுப்பும், வெளிநாடு செல்லும் கணவர் அல்லது மனைவியுடன் போவதற்கான விடுப்பும் தனித்தனி ஏற்பாடுகள். இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பி “அவளுக்குக் கொடுத்தார்களே, உனக்கு ஏன் கொடுக்க மாட்டார்கள்?” என்று சொல்கிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எந்த விண்ணப்பப் பாரத்தையும் நிரப்பாதீர்கள்.

நான் எதையும் மறைக்கவில்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் குடும்பப் பொருளாதாரம், தாயாரின் மருத்துவச் செலவு, வெளிநாட்டில் தற்காலிக வேலை என்று மூன்றையும் எழுதினேன். எங்கள் துறைத் தலைவர் நல்ல மனிதர். அம்மாவின் மருத்துவ அறிக்கையைப் பார்த்துவிட்டு, அதிகம் கேள்வி கேட்காமலே கையெழுத்திட்டார். கடிதம் ஒரே பக்கம்தான். விடுப்பு தொடங்கும் நாள், முடியும் நாள், அந்தக் காலத்திற்குச் சம்பளமும் படிகளும் இல்லை என்ற வரி, அதற்குக் கீழே நான்காம் பத்தியாக, விடுப்பில் இருக்கும் காலத்திலும் பொது அதிகாரிகளுக்கான 1993ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளுக்கு ஊழியர் கட்டுப்பட்டவர் என்ற ஒரு வாக்கியம். எல்லா அரசாங்கக் கடிதத்திலும் இருக்கும் வழக்கமான வாசகம் போலத்தான் அது இருந்தது. எனக்குப் பின்னால் வந்த தொல்லை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திற்குள் இருந்தது.

நிர்வாகப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர்தான் அதை எனக்கு விளக்கினார். கடிதத்தை வாங்கிக்கொண்டு நான் கிளம்பும்போது, “தம்பி, லீவு கெடைச்சிருச்சு, சரி. வேலை செய்ய பெர்மிஷன் வாங்கிட்டீங்களா?” என்றார். விடுப்பே அதற்காகத்தானே என்றேன். அவர் அந்த விதிமுறைகளைத் திறந்து ஐந்தாவது விதியைக் காட்டினார். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஓர் அரசு ஊழியர் வெளியில் சம்பளத்திற்கு வேலை செய்யக் கூடாது. விடுப்பில் இருந்தாலும் அவர் அரசு ஊழியர்தான். ஆக, அலுவலகத்திற்கு வராமல் இருப்பதற்கு ஒரு கடிதம், இன்னொருவரிடம் வேலை செய்வதற்கு இன்னொரு கடிதம் என இரண்டு வேண்டும். முதல் கடிதத்தை மாவட்டத்திலேயே கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கடிதத்துக்கான விண்ணப்பம் மாநில அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்கு மேலே ஏறியது.

அதற்குள் சிங்கப்பூர்ப் பக்கத்துக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்து அனுப்பும் கடிதம் 60 நாளுக்குத்தான் செல்லும். அதற்குள் அந்நாட்டில் கால் வைத்தாக வேண்டும். நம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு நகரும் வேகத்தையும் இந்த 60 நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு என்னவாகும் என்று அரசாங்க வேலையில் இருக்கும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு வேலை பிடித்துக் கொடுத்த முகவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “எல்லாம் ரெடி, நீங்க வர்றது மட்டும்தான் பாக்கி” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கோப்புச் செலவு என்று முன்பணமாக 3,000 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். கொடுத்ததற்குப் பதிவுச் சீட்டு கேட்டபோது புலனத்தில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

முகவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வேலை பிடித்துக் கொடுக்கும் முகவர், 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலை முகவர் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். சிங்கப்பூர் முகவர் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கும் அந்நாட்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. எஸ் பாஸுக்காக அரசாங்கத்துக்குச் செலுத்தும் மாதாந்தரக் கட்டணமான லெவி முதலாளி கட்ட வேண்டியது, அதை ஊழியரின் தலையில் சுமத்தக் கூடாது. உரிம எண்ணைக் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது வாங்குங்கள். ரசீது கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

விடுப்பு தொடங்கும் நாள் வந்தது. அனுமதிக் கடிதம் வரவில்லை. விடுப்பைத் தள்ளி வைக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். என் பெயர் அந்த மாதச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது, எனக்குப் பதிலாக வேறு பிரிவிலிருந்து ஒருவரைப் போட்டாகிவிட்டது, அனுமதி எப்படியும் இரண்டு வாரத்தில் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த இரண்டு வாரத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்தேன். மாதக் கடைசியில் சம்பளம் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் விடுப்பு எடுத்தேன். தெரிந்திருந்தாலும், 25ஆம் தேதி வாக்கில் வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தபோது வயிறு கலங்கியது உண்மை.

சம்பளம் நிற்கிறது என்றால் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்த பிடித்தங்களும் நிற்கின்றன. இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். என் வீட்டுக் கடன் அரசு ஊழியர்களுக்கான வீட்டு நிதி வாரியத்தில் வாங்கியது, கூட்டுறவுக் கடன் கூட்டுறவுகளின் தேசிய அமைப்பான அங்காசா மூலமாகப் பிடிக்கப்படுவது. இரண்டும் மாதா மாதம் தாமாகவே போய்க்கொண்டிருந்ததால், நான் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுகிறேன் என்பதே சரியாகத் தெரியாமல் இருந்தது. விடுப்புக்குப் போகும்முன் இரண்டு இடத்திலும் எழுதிக் கொடுத்து, நேரடியாகக் கட்டும் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். யாரும் அதை ஞாபகப்படுத்துவதில்லை. கூட்டுறவிலிருந்து வந்த நினைவூட்டல் கடிதத்தை அப்பாதான் முதலில் பிரித்துப் படித்தார். மகன் சிங்கப்பூர் போகப் போகிறான் என்று பக்கத்து வீட்டாரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தவர், கடிதத்தை மடித்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “இன்னும் கிளம்பலையா தம்பி?” என்று சந்தையில் கேட்டவர்களைவிட அவர் கேட்காமல் இருந்தது என்னை அதிகமாக வருத்தியது.

அப்போதுதான் பலரும் எனக்கு அந்த யோசனையைச் சொன்னார்கள். ஈப்போ அமான்ஜெயாவில் இரவு பேருந்து ஏறினால் விடியும்போது சிங்கப்பூர். விடுப்புக் கடிதம் கையில் இருக்கிறது. நீ அங்கே வேலை செய்வது யாருக்குத் தெரியும்? இரண்டு இரவு நான் இதைத் தீவிரமாகவே யோசித்தேன். பயத்தைவிடக் கணக்குதான் என்னைத் தடுத்தது. அனுமதியில்லாமல் வேலை செய்தது வெளியே வந்தால் ஒழுங்கு நடவடிக்கை வரும், பணிநீக்கம் வரை அது போகலாம், பணிநீக்கம் என்றால் ஓய்வூதியம் போய்விடும். விடுப்பே எடுக்காமல் காணாமல் போகிறவர்களின் நிலை இன்னும் மோசம். தொடர்ந்து ஏழு வேலை நாள் வராமல், இருக்கும் இடமும் தெரியாமல் போனால், கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபால் போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் அரசிதழில் பெயர் போட்டுப் பணிநீக்கம் செய்துவிடலாம். ஓராண்டு சிங்கப்பூர்ச் சம்பளத்துக்காக இதைப் பணயம் வைக்க எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவருகிறது என்று நினைப்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் “யாருக்கும் தெரியாது” என்று அவர்களுக்குச் சொன்னவர் விசாரணை நாளில் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்.

ஓய்வூதியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. “ஒரு வருஷம் லீவு போட்டால் பென்ஷனே அடிபட்டுவிடும்” என்று அலுவலகத்தில் என்னைப் பயமுறுத்தியவர்கள் உண்டு. சம்பளமில்லா விடுப்புக் காலம் பொதுவாகப் பணிக்காலத்தில் சேராது என்பது சரி. ஆனால் எவ்வளவு அடிபடும் என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். ஓய்வூதியம் என்பது பணி செய்த மாதங்களைக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கி 600ஆல் வகுத்து வருவது. 360 மாதத்துக்கு மேல் அது ஏறாது, அதாவது கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கோடு நின்றுவிடும். நான் 22 வயதில் சேர்ந்தவன். 60 வரை இருந்தால் 38 ஆண்டு ஆகும். நடுவில் ஓராண்டு கழிந்தாலும் என் மாத ஓய்வூதியத்தில் ஒரு காசு குறையாது. குறைவது பணிக்கொடையில்தான். அது மாதத்துக்கு ஏழரை விழுக்காடு என்ற கணக்கில் வருவது, அதற்கு அந்த 360 மாத வரம்பு கிடையாது. பன்னிரண்டு மாதம் கழிந்தால் கடைசி மாதச் சம்பளத்தில் 90 விழுக்காடு போகும். கடைசிச் சம்பளம் 6,000 ரிங்கிட் என்றால் 5,400 ரிங்கிட். நாற்பதை நெருங்கிச் சேர்ந்தவருக்கு 30 ஆண்டு எட்டவே எட்டாது. அவருக்கு அதே ஓராண்டு, வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் கடைசிச் சம்பளத்தில் இரண்டு விழுக்காட்டைத் தின்றுவிடும். ஒரே விடுப்பு இருவருக்கும் இரண்டு விலை. ஆண்டுச் சம்பள உயர்வு தள்ளிப்போகுமா என்பதை மட்டும் உங்கள் நிர்வாகப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் புத்ராஜெயாவிலிருந்து பதில் வந்தது. முதல் வரியிலேயே ‘டுக்காச்சித்தா’, அதாவது ‘வருந்துகிறோம்’ என்று இருந்தது. மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை, ஆனாலும் மூன்று முறை படித்தேன். முழு நேர வெளிநாட்டு வேலைக்கு அனுமதி இல்லை. அதற்கு முன்பே சிங்கப்பூர் ஒப்புதல் காலாவதியாகிவிட்டது. நிறுவனம் வேறொருவரை எடுத்துவிட்டது. அவர்கள் மீது எனக்குக் குறையில்லை, இயன்றவரை காத்திருந்தார்கள். முகவர் முதலில் பணமே தர முடியாது என்றார், பிறகு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கப் போகிறேன் என்றதும் பாதியைத் திருப்பினார்.

மறுநாளே வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு கடிதம் வேண்டும். எஞ்சிய விடுப்பை ரத்து செய்யும்படி விண்ணப்பம், அதற்குத் துறைத் தலைவரின் ஒப்புதல், பணியில் சேர்ந்த அறிக்கை, பிறகு சம்பளப் பிரிவில் பெயரை மீண்டும் ஏற்றுவது என்று ஒவ்வொன்றாக நடக்க வேண்டும். மாத நடுவில் சேர்ந்ததால் அந்த மாதச் சம்பளப் பட்டியல் முடிந்துவிட்டிருந்தது. நிலுவை அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வந்தது. போன சம்பளம், முகவர் விழுங்கிய மீதி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 9,000 ரிங்கிட். அதில் ஒரு பகுதிக்கு அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. மீட்க எட்டு மாதம் ஆயிற்று.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால் முதலில் கேட்கச் சொல்வது விடுப்பை அன்று, ஐந்தாவது விதியின் கீழான அனுமதியைத்தான். வேலை வாய்ப்புக் கடிதம் வருவதற்கு முன்பே, இன்ன வகை வேலைக்கு, இன்ன நாட்டில், இத்தனை மாதத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். அனுமதி உண்டு என்றால் மட்டும் விடுப்புக்கு விண்ணப்பியுங்கள், அதில் தொடங்கும் தேதியைக் கூடுமானவரை தள்ளிப் போடுங்கள். சிங்கப்பூர் நிறுவனத்திடம் வேலை அனுமதிக்கான விண்ணப்பத்தைக் கடைசியாகப் போடச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள், நாம்தான் வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்று அவசரப்படுகிறோம். சம்பளம் இல்லாமல் குறைந்தது மூன்று மாதத்துக்கான கடன் தவணையைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் இந்தப் பக்கமே போக வேண்டாம். வெளிநாட்டவருக்குச் சிங்கப்பூரில் சேமநிதிச் சந்தா கிடையாது என்பதையும் அந்தப் பெருக்கல் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பணியை விட்டுவிட்டே போகிறேன் என்பவர்கள் ராஜினாமாவுக்கும் விருப்ப ஓய்வுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. ராஜினாமா செய்தால் ஓய்வூதியம் கிடையாது. 40 வயது நிறைந்து, பத்தாண்டாவது பணியாற்றியிருந்தால் விருப்ப ஓய்வு கேட்கலாம். மாத ஓய்வூதியம் உடனே கைக்கு வந்துவிடாது, அதற்குரிய வயது வரை காத்திருக்க வேண்டும், ஆனால் உரிமை போகாது. 39 வயதில் அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். சில மாதம் பொறுத்திருந்தால் அவர் கதையே வேறு.

எனக்கு நாற்பதாக இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது. அதற்குள் கூட்டுறவுக் கடன் தீர்ந்துவிடும், தங்கையும் வேலைக்குப் போய்விடுவாள். வீட்டுக் கடன் மட்டும் நிற்கும். விருப்ப ஓய்வு பெற்றால் அதன் தவணையை எங்கிருந்து கட்டுவது என்று இந்த முறை முன்கூட்டியே வாரியத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.